உடற்பயிற்சிக்கு மனசை வரவழைப்பது எப்படி: முதல் ஆறு வாரங்களுக்கான முழுமையான வழிகாட்டி

"நாளையிலிருந்து" என்று பலமுறை தொடங்கி, இரண்டாவது வாரமே நின்றுபோனவர்களுக்காக இதை எழுதுகிறேன். உடற்பயிற்சி நல்லது என்பது உங்களுக்கே தெரியும், அதைப் பற்றி இங்கே ஒரு வரியும் இருக்காது. தெரிந்திருந்தும் கால் ஏன் நகர மறுக்கிறது, அதை எந்த வரிசையில் சரிசெய்வது என்பதுதான் விஷயம்.

சில வருடங்களாகப் புதியவர்களோடு சேர்ந்து நடந்தும் மெதுவாக ஓடியும் வருகிறேன். பாதியில் நின்றவர்களில் சோம்பேறி என்று சொல்லத்தக்கவர் எனக்கு நினைவில் இல்லை. ஆர்வத்தோடு வந்தவர்கள்தான் நின்றார்கள். பயிற்சி செய்ய வேண்டும் என்று நிஜமாகவே எண்ணுகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அதைச் செய்வதில்லை என்பதை ரோட்ஸ், டி புருய்ன் ஆகிய இரு ஆய்வாளர்கள் 2013-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துச் சொன்னார்கள். என் கண்ணில் பட்டதும் அதுதான்.

இவர்களிடம் பொதுவாக இருந்த ஒன்று, வரிசை. முதலில் பெரிய இலக்கு வைப்பார்கள். அடுத்து அதற்கேற்ற கடுமையான பயிற்சி. "இதை எப்போது செய்வது?" என்ற கேள்வி கடைசியில்தான் வரும். இதை அப்படியே திருப்பிப் போட வேண்டும். பயிற்சி முதலில் இதமாக இருக்கட்டும், பிறகு நாளில் அதற்கு ஓர் இடம் கிடைக்கட்டும், அதற்கப்புறம் அளவைக் கூட்டலாம். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில் இருக்கின்றன. இடையில் ஒன்றைத் தாண்டிப் போக வேண்டாம்.

1. தொடங்கும் முன் தயாராக வேண்டியவை

நெஞ்சுவலி, தலைசுற்றல், இதய நோய், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், சர்க்கரைக்கான மருந்து, கர்ப்பம், அண்மையில் நடந்த அறுவை சிகிச்சை இவற்றில் எது இருந்தாலும் முதலில் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். பாதுகாப்பு ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு: "ஏதாவது ஆகிவிடுமோ" என்ற பயம் உள்ளே இருந்தால், சாதாரண மூச்சிரைப்புகூட ஆபத்து போலத் தோன்றும். அந்தப் பயத்தோடு யாராலும் தொடர முடியாது.

இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலுமே பிடிப்பில்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டன என்றால் அதை ஊக்கக் குறைவு என்று ஒதுக்காதீர்கள். மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கு உதவி பெறுங்கள். மெதுவான நடை அதோடு கூடவே நடக்கலாம்.

பொருள் என்று பார்த்தால் ஒரு சின்ன நோட்டு, ஒரு பேனா, காலுக்குப் பொருந்தும் காலணி போதும். ஆண்டுச் சந்தா இப்போதைக்கு வேண்டாம். "பணம் கட்டிவிட்டால் அதற்காகவாவது போவேன்" என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். அமெரிக்க உடற்பயிற்சிக் கூடங்களின் கணக்கை ஆராய்ந்து டெல்லாவிக்னா, மால்மெண்டியர் ஆகிய பொருளியலாளர்கள் 2006-இல் எழுதிய கட்டுரையின்படி, மாதச் சந்தா கட்டியவர்களுக்கு ஒரு வருகைக்கு 17 டாலருக்கு மேல் செலவானது. பத்து வருகைக்கான சீட்டை வாங்கியிருந்தால் ஒரு வருகை 10 டாலரில் முடிந்திருக்கும். கட்டிய பணம் காலை இழுத்துக்கொண்டு போகவில்லை.

அப்புறம் ஒரு வாரம் பயிற்சி எதுவும் செய்யாமல், உங்கள் நாளை மட்டும் கவனியுங்கள். எந்த வேளையில் 20 நிமிடம் சும்மா கிடக்கிறது, எப்போது உடம்பு ஓய்ந்து போகிறது என்று குறித்துவையுங்கள். இதைத் தவிர்க்கிறவர்கள்தான் அதிகம். அதனால் இல்லாத ஒரு நேரத்தை மனதில் கற்பனை செய்துகொண்டு திட்டம் போடுகிறார்கள். இரவு பன்னிரண்டு மணிக்குப் படுக்கிறவர் காலை ஐந்து மணிக்கு ஓடப்போவதாக எழுதுவது அப்படித்தான்.

2. ஏன் என்பதை ஒரு வரியில் எழுதி, அதைத் திருத்துங்கள்

எதற்காகத் தொடங்குகிறீர்கள் என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். யோசிக்காமல் வருவதை அப்படியே எழுதுங்கள். பெரும்பாலும் இப்படி ஏதாவது இருக்கும்: "டாக்டர் சொல்லிவிட்டார்." "கண்ணாடியில் என்னைப் பார்க்கவே பிடிக்கவில்லை." "இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, அது மாறணும்." "நடந்துவிட்டு வந்தால் தலை தெளிவாக இருக்கிறது."

இந்த நான்கும் ஒரே எடை கொண்டவை அல்ல. எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரையன் இருவரும் வளர்த்தெடுத்த சுயநிர்ணயக் கோட்பாடு காரணங்களை ஒரு கோட்டில் வரிசைப்படுத்துகிறது. ஒரு முனையில் வெளியிலிருந்து வரும் அழுத்தம். அடுத்து, அதே அழுத்தம் உள்ளே புகுந்து குற்ற உணர்வாகவும் வெட்கமாகவும் நிற்பது. பிறகு, "இது எனக்கு முக்கியம்" என்று நாமே ஒப்புக்கொண்ட காரணம். மறுமுனையில், செய்வதே பிடித்திருப்பதால் செய்வது. இந்தத் துறை ஆய்வுகளை டெய்ஷெய்ராவும் உடன் ஆய்வாளர்களும் 2012-இல் தொகுத்தபோது, தொடக்கத்தில் அதிகம் உதவுவது "எனக்கு முக்கியம்" என்ற காரணம், நீண்ட காலம் தொடர வைப்பது "பிடித்திருக்கிறது" என்ற காரணம் என்று தெரிந்தது.

ஆகவே நீங்கள் எழுதிய வரி முதல் இரண்டு வகையைச் சேர்ந்தது என்றால் அதைத் திருத்தலாம். "அது நடந்தால் என் நாளில் என்ன மாறும்?" என்று கேளுங்கள். வரும் பதிலுக்கும் அதே கேள்வியைக் கேளுங்கள். "எடை குறையும்" என்பது "முழங்கால் வலி குறையும்" என்றாகி, "மாலையில் குழந்தையோடு தரையில் உட்கார்ந்து விளையாட முடியும்" என்று வந்து நிற்கலாம். இந்த வாரத்திலேயே தொட்டுப் பார்க்கக்கூடிய ஒன்று வரும்வரை கேளுங்கள். ஆறு மாதம் கழித்துக் கிடைக்கப் போகும் பலன் இன்று மாலை சோபாவிலிருந்து எழுப்பாது. இன்றிரவு நன்றாகத் தூங்கலாம் என்ற எண்ணம் எழுப்பலாம்.

இங்கே நான் அடிக்கடி பார்க்கும் தவறு, தன்னைத் திட்டி எழுதுவது. வெட்கம் நல்ல எரிபொருள் மாதிரித் தெரியும், முதல் வாரம் வேகமாகவே ஓட வைக்கும். ஆனால் பயிற்சிக்குப் போகும்போதெல்லாம் அந்த வெட்கமும் கூட வரும். கொஞ்ச நாளில் மனம் வெட்கத்தைத் தவிர்க்கப் பயிற்சியையே தவிர்க்கப் பழகிவிடும்.

3. எந்த அசைவு என்பதை நீங்களே தேர்ந்தெடுங்கள்

மூன்று வகைகளை எழுதுங்கள். நடை, நீச்சல், சைக்கிள், நடனம், பந்து விளையாட்டு, யோகா, எடைப் பயிற்சி, தோட்ட வேலை என எதுவாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை செய்து பார்த்துவிட்டு ஒன்றை எடுங்கள். ஒரே தடவை பார்த்தால் புதுமையின் சங்கடம்தான் தெரியும், அசைவு பிடித்ததா என்று தெரியாது.

எதில் அதிகக் கலோரி எரியும் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டாம். செய்யாத பயிற்சியில் எரியும் கலோரி பூஜ்யம். அதற்குப் பதில் இதைக் கேளுங்கள்: தனியாக இருக்கும்போது எனக்கு இதமா, ஆட்களோடா? ஒரே சீராகப் போவது பிடிக்குமா, ஆட்டம் போல மாறிக்கொண்டே இருக்க வேண்டுமா?

பள்ளியில் ஓட்டப்பந்தயத்தில் கடைசியாக வந்து எல்லோரும் சிரித்த நினைவு, அணி பிரிக்கும்போது யாரும் கூப்பிடாமல் நின்ற நினைவு பலருக்கு இன்னும் ஆறாமல் இருக்கிறது. அந்த வடிவத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள். பழைய காயத்தை வென்று காட்டுவது இந்த ஆறு வாரத்தின் வேலை இல்லை.

4. மூச்சை வைத்து வேகத்தை அமையுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

பயிற்சியின் கடுமைக்கும் அப்போது நமக்குள் எழும் இன்ப துன்பத்துக்கும் உள்ள உறவைப் பான்டெலெய்மன் எக்கெகாக்கிஸ் நீண்ட காலம் ஆராய்ந்திருக்கிறார். அவர் காட்டும் படம் எளிமையானது. வேகம் கூடக்கூட, ஒரு கட்டத்தில் மூச்சு திடீரென்று கனக்கத் தொடங்கும் இடம் ஒன்று உண்டு. அதற்குக் கீழே பெரும்பாலானவர்களுக்கு இதமாக இருக்கும். அதை ஒட்டிய பகுதியில் ஆளுக்கு ஆள் மாறும். அதைத் தாண்டிவிட்டால் ஏறக்குறைய எல்லோருக்கும் மோசமாக இருக்கும். அங்கே மனத்திடம் பெரிதாகப் பயன்படாது, உடம்பின் முறையீடுதான் மேலோங்கும்.

முக்கியமான சிக்கல் இதுதான்: நெடுநாள் அசையாமல் இருந்தவருக்கு அந்த இடம் மிகக் கீழே இருக்கும். நண்பருக்குச் சாதாரண நடையாக இருப்பது உங்களுக்கு எல்லை தாண்டியதாக இருக்கலாம். "இதுகூட முடியவில்லையே" என்று நினைத்து அவர் வேகத்தைப் பிடிக்கப் பார்ப்பீர்கள், உடம்பு அதை ஒரு தண்டனையாகப் பதிவு செய்துகொள்ளும்.

எல்லையைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம், பேசிப் பாருங்கள். ஒரு முழு வாக்கியத்தை நிறுத்தாமல் பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் அது மிதமான வேகம். நாலு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு இழுக்கிறீர்கள் என்றால் குறையுங்கள். முதல் இரண்டு வாரம் பாடவும் முடிகிற வேகத்தில் போனாலும் தப்பில்லை.

அப்புறம், பாதி வழியில் உங்களையே கேளுங்கள்: இப்போது எப்படி இருக்கிறது? மிக நன்றாக இருந்தால் +5, மிக மோசம் என்றால் −5, நடுவில் 0. ஹார்டி, ரெஜெஸ்கி இருவரும் 1989-இல் வெளியிட்ட உணர்வு அளவுகோல் இது, ஆய்வுக்கூடங்களில் இன்றும் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். எண் +1-க்குக் கீழே போனால் வேகத்தைக் குறையுங்கள். மெனக்கெட்டுத் தாங்கிக்கொள்ள வேண்டாம்.

ஏன் இவ்வளவு கவனம்? அசையாத வாழ்க்கையிலிருந்த பெரியவர்களிடம் வில்லியம்ஸும் உடன் ஆய்வாளர்களும் செய்த ஆய்வில், மிதமான பயிற்சியின்போது யாருக்கு நன்றாக இருந்ததோ அவர்கள்தான் 6 மாதத்துக்குப் பின்னும் 12 மாதத்துக்குப் பின்னும் அதிகமாக அசைந்துகொண்டிருந்தார்கள்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. கடுமையாகச் செய்து முடித்து நிறுத்தியதும் ஒரு நிம்மதி வரும், "ஆகா, நன்றாக இருக்கிறது" என்று தோன்றும். துன்பம் நின்றதால் வந்த நிம்மதியும் அதில் கலந்திருக்கிறது. அதை வைத்து வேகம் சரியென்று முடிவு செய்கிறவர்கள், மறுநாள் ஏன் மனசு வரவில்லை என்று குழம்புகிறார்கள். அதனால் முடித்தபின் கேட்பதை விட, செய்துகொண்டிருக்கும்போதே கேட்பது முக்கியம்.

முடிவை எப்படி அமைப்பது என்பதும் இதோடு சேர்ந்தது. பலர் கடைசி இரண்டு நிமிடம் முழு வேகத்தில் ஓடி முடிப்பார்கள். வேண்டாம். ஸென்கோ, எக்கெகாக்கிஸ், ஏரியலி மூவரும் 2016-இல் செய்த சோதனையில், கடுமையில் தொடங்கிப் படிப்படியாகக் குறைந்துகொண்டே வந்த பயிற்சி, ஏறிக்கொண்டே போன பயிற்சியை விட இனிமையான நினைவாக நின்றது. நாளைக்குப் போகலாமா என்று முடிவெடுப்பது அந்த நினைவுதான். உடம்பைச் சூடாக்கிய பிறகு சற்று வேகமான பகுதியை முன்பாதியில் முடித்துவிட்டு, கடைசி ஐந்து நிமிடத்தை மிக மெதுவாக விடுங்கள்.

புதிய பயிற்சிக்குப் பின் தசைவலி ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் உச்சத்துக்கு வரும். முதல் நாள் எதுவும் தெரியவில்லை என்று இரண்டாம் நாள் இரட்டிப்பாகச் செய்தவர்கள் மூன்றாம் நாள் படியிறங்க முடியாமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன். நேற்று வலிக்கவில்லை என்பது கூட்டுவதற்கான அனுமதி இல்லை.

5. எப்போது, எங்கே என்பதை "ஆனதும்" என்று எழுதுங்கள்

இப்போதுதான் திட்டம். முந்தைய படிக்கு முன் இதைச் செய்தால், பிடிக்காத ஒன்றுக்கு நேரம் ஒதுக்குவதாகிவிடும்.

பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர், பொதுவான உறுதிமொழியை விட "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்ற வடிவிலான திட்டம் செயலாகும் வாய்ப்பு அதிகம் என்று காட்டினார். பயிற்சியில் இதைச் சோதித்தது 2002-இல் மில்ன், ஆர்பெல், ஷீரன் மூவரும் மாணவர்களிடம் செய்த ஆய்வு. வாரத்தில் ஒரு தடவையாவது 20 நிமிடம் பயிற்சி செய்தவர்கள், எதுவும் சொல்லப்படாத குழுவில் 38%, ஊக்கமூட்டும் தகவலை மட்டும் படித்த குழுவில் 35%, அதோடு எப்போது எங்கே என்று எழுதிக்கொண்ட குழுவில் 91%. ஒரு வாரத்துக்கு, ஒரு தடவைக்கான கணக்குதான் இது, ஆறு வாரத்துக்கு அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் ஊக்கமூட்டும் பேச்சு மட்டும் எதையும் நகர்த்தவில்லை என்பதைக் கவனியுங்கள்.

கடிகார நேரத்தை விட ஒரு நிகழ்வோடு கட்டுவது நல்லது. "6.30-க்கு" என்று எழுதினால் 6.40 ஆனதும் "இன்றைக்குப் போச்சு" என்றாகிவிடும். "வேலை முடிந்து வீட்டுக்கு வந்து பையைக் கீழே வைத்ததும், உட்காராமல் காலணி மாற்றிக்கொண்டு தெருமுனை வரை நடப்பேன்" என்று எழுதினால், வீட்டுக்கு எத்தனை மணிக்கு வந்தாலும் அது நிற்கும்.

அடுத்து, தடைக்கு ஒரு வரி. உங்களை வழக்கமாக நிறுத்துவது எது என்று நேர்மையாக யோசியுங்கள். மழையா, தாமதமாகும் வேலையா, கையிலிருக்கும் போனா? "மழை பெய்தால் உள்ளேயே பாட்டுப் போட்டுப் பத்து நிமிடம் ஆடுவேன்" என்பது போல எழுதுங்கள். இப்படி இரண்டு வரி போதும். எட்டுத் தடைக்கும் எட்டுத் திட்டம் எழுதிய நோட்டுகளைப் பார்த்திருக்கிறேன், வேளை வரும்போது அவற்றில் ஒன்றும் நினைவுக்கு வருவதில்லை.

6. முதல் ஐந்து நிமிடத்தை இலகுவாக்குங்கள்

வாசலுக்குப் போகும் முன்னால்தான் எல்லாத் தயக்கமும். ரூபியும் உடன் ஆய்வாளர்களும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி எவ்வளவு பிடிக்கும் என்று முன்கூட்டிக் கேட்டால் மக்கள் குறைத்தே சொன்னார்கள். செய்து முடித்தபோது எதிர்பார்த்ததை விட அதிகம் பிடித்திருந்தது. காரணம், முன்கூட்டி நினைக்கும்போது சங்கடமான தொடக்கமே கண்முன் பெரிதாக நிற்கிறது. அதாவது புறப்படும் முன் "பிடிக்காது" என்று சொல்கிற அந்தக் குரல் பயிற்சியின் முதல் சில நிமிடங்களைப் பற்றி மட்டும்தான் பேசுகிறது.

ஆகவே துணியையும் காலணியையும் முந்தின இரவே எடுத்து வையுங்கள். குறைந்தபட்ச அளவு ஒன்றை முடிவு செய்யுங்கள்: காலணி போட்டு ஐந்து நிமிடம். ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பி வர உங்களுக்கு முழு அனுமதி உண்டு. இந்த அனுமதி நிஜமாக இருக்க வேண்டும். "ஐந்து நிமிடம்தான்" என்று சொல்லிக் கிளப்பிவிட்டு ஒவ்வொரு தடவையும் முப்பது நிமிடத்துக்கு இழுத்தால், நாலாவது நாள் மனம் நம்பாது.

பிடித்த ஒலிநூலையோ தொடரையோ பயிற்சியின்போது மட்டும் கேட்பது என்று வைத்துக்கொள்வதும் கதவைத் திறக்க உதவும். கேட்டி மில்க்மனும் உடன் ஆய்வாளர்களும் 2014-இல் வெளியிட்ட சோதனையில், ஒலிநூல்களை ஜிம்மில் மட்டுமே கேட்க முடிந்தவர்கள் தொடக்கத்தில் மற்றவர்களை விட 51% அதிகம் வந்தார்கள். நடுவில் ஒரு விடுமுறை வந்தது, அதன்பின் அந்த வேறுபாடு தேய்ந்துபோனது. தொடக்க உதவியாக இதை எடுத்துக்கொள்ளுங்கள், கேட்பது சலித்தால் மாற்றுங்கள்.

7. ஆறு வாரமும் எண்ணிக்கை முதலில், நீளம் பிறகு

"21 நாளில் பழக்கம் வந்துவிடும்" என்பதை மறந்துவிடுங்கள். லண்டனில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைப் பின்தொடர்ந்து செய்த ஆய்வில் நடுமதிப்பு 66 நாள். ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. தண்ணீர் குடிப்பது போன்ற எளிய செயல்களை விட உடற்பயிற்சி பழக்கமாக அதிக நாள் பிடித்தது. 22-ஆம் நாள் தானாக வரவில்லை என்றால் உங்களிடம் குறை இல்லை.

புதிதாக ஜிம்மில் சேர்ந்தவர்களைக் கௌஷல், ரோட்ஸ் இருவரும் 12 வாரம் பின்தொடர்ந்தார்கள். 2015-இல் வெளியான அந்த ஆய்வின்படி, வாரத்துக்கு நான்கு தடவையாவது, ஆறு வாரம் செய்தவர்களிடம் பழக்கம் வேரூன்றியது. இந்த வழிகாட்டியின் ஆறு வாரக் கணக்கு அங்கிருந்து வந்ததுதான்.

நான் சொல்லித்தரும் அளவு இது. முதல் இரண்டு வாரம் நான்கு நாள், பத்து நிமிடம். அடுத்த இரண்டு வாரம் நான்கு நாள், 15 நிமிடம். கடைசி இரண்டு வாரம் நான்கு அல்லது ஐந்து நாள், 20 நிமிடம். "பத்து நிமிடத்தில் என்ன ஆகிவிடும்?" என்று கேட்பீர்கள். உடம்புக்குக் கொஞ்சம் நல்லது. உலக சுகாதார நிறுவனம் 2020-இல், பத்து நிமிடத்துக்குக் குறைவான அசைவு கணக்கில் வராது என்ற பழைய நிபந்தனையையே நீக்கிவிட்டது. அதை விட முக்கியம், இப்போது நீங்கள் பழகுவது புறப்படுவதை. பை கீழே வைத்ததும் கை தானாகக் காலணியைத் தேட வேண்டும். அது வந்துவிட்டால் உள்ளே என்ன செய்கிறீர்கள், எவ்வளவு நேரம் என்பதை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

வாரத்துக்கு ஒரு நாள் இரண்டு மணி நேரம் செய்து கணக்கைச் சரிக்கட்டுகிறவர்கள் உண்டு. நிமிடக் கணக்கு சரியாகலாம், புறப்படும் பழக்கம் வராது.

8. எதைக் குறித்து வைப்பது

ஒவ்வொரு தடவையும் மூன்று விஷயம்: தேதி, பாதி வழியில் கேட்ட உணர்வு எண், ஒரு வரி. "மேட்டில் நிற்காமல் ஏறினேன்" மாதிரி. அவ்வளவுதான்.

ஆல்பர்ட் பண்டூரா, "என்னால் முடியும்" என்ற நம்பிக்கை நான்கு வழியில் வளர்கிறது என்றார். தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்றவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்கம், உடம்பிலும் மனதிலும் அப்போது உணரும் நிலை. நான்கிலும் வலுவானது முதலாவது. ஆனால் அனுபவம் மறந்துபோகும், எழுதி வைத்தால் நிற்கும்.

எடை இயந்திரத்தில் தினமும் ஏறாதீர்கள். உடம்பில் இருக்கும் நீரைப் பொறுத்தே எடை ஒரே நாளில் ஏறி இறங்கும். நன்றாக நடந்த வாரத்தில் அரை கிலோ கூடியிருப்பதைப் பார்த்து நின்றுபோனவர்கள் எனக்குத் தெரியும். அதேபோல 10,000 அடி என்ற எண்ணையும் தேர்ச்சி மதிப்பெண் ஆக்காதீர்கள். 1960-களில் ஜப்பானில் விற்ற ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவிய எண் அது.

9. துணை

முடிந்தால் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்களை விட மிகத் தேர்ந்தவர் வேண்டாம். உங்களைப் போலவே தொடங்கி ஒரு மாதம் முன்னால் இருப்பவர் சிறந்தவர், அவரைப் பார்த்தால் "எனக்கும் முடியும்" என்று தோன்றும்.

வீட்டில் இருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். "இன்னைக்குப் போகலையா?" என்பது அன்பில் வருவதுதான், ஆனாலும் கண்காணிப்பு போல உறைக்கும், இரண்டாம் படியில் கழற்றி வைத்த வெளி அழுத்தம் மறுபடி வந்து உட்காரும். அதற்குப் பதில், போய்விட்டு வந்த நாளில் "எப்படி இருந்தது?" என்று கேட்கச் சொல்லுங்கள்.

10. தவறிய நாளை எப்படிக் கையாள்வது

தவறும். ஆறு வாரத்தில் ஒரு நாள்கூட விடாதவர் என்று யாரையும் நான் பார்த்ததில்லை. லாலியின் ஆய்வில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை.

பாதிப்பது, விட்டதைப் பற்றி நாம் சொல்லிக்கொள்ளும் கதை. போதையிலிருந்து மீள்பவர்களிடம் ஆலன் மார்லட் கவனித்தது இது: ஒரு சறுக்கல் வந்ததும் "என் குணமே இப்படித்தான், எல்லாம் முடிந்தது" என்று எடுத்துக்கொண்டால், அந்த எண்ணமே முழு வீழ்ச்சிக்கு இழுத்துச் செல்கிறது. பயிற்சியிலும் இதுவேதான். செவ்வாய்க்கிழமை விட்டதால் யாரும் நின்றுபோவதில்லை, செவ்வாய் விட்டதற்காகப் புதனும் வியாழனும் தன்னை வெறுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதால்தான் நின்றுபோகிறார்கள்.

2021-இல் ஒரு பெரிய சோதனை முடிவு வெளியானது. அமெரிக்க ஜிம் உறுப்பினர்கள் 61,293 பேரிடம் நான்கு வாரத் திட்டங்கள் ஐம்பதுக்கு மேல் சோதிக்கப்பட்டன. எல்லாவற்றிலும் முன்னால் நின்றது, ஒரு நாள் தவறவிட்டவர் திரும்பி வந்ததற்குச் சில சென்ட் மதிப்புள்ள புள்ளிகளைக் கூடுதலாகக் கொடுத்த திட்டம். திரும்பி வருவதைத் தனியாகக் கொண்டாடுவது அவ்வளவு உதவுகிறது. நீங்களும் நோட்டில் திரும்பி வந்த நாளுக்கு ஒரு நட்சத்திரம் போடுங்கள்.

திரும்பி வரும் நாளில் பாதி அளவு மட்டும் செய்யுங்கள். விட்டதைச் சேர்த்து ஈடுகட்ட வேண்டாம், திரும்புவதே தண்டனையாகிவிடும்.

விட்ட நாளுக்கு எதிரே காரணத்தை இரண்டில் ஒன்றாக எழுதுங்கள்: "வாய்ப்பு இல்லை" அல்லது "மனசு வரவில்லை". வாய்ப்பு இல்லை என்பது மூன்று தடவை வந்தால் ஐந்தாம் படிக்குத் திரும்பி நேரத்தை மாற்றுங்கள். மனசு வரவில்லை என்பது மூன்று தடவை வந்தால் நான்காம் படிக்குப் போய் வேகத்தைக் குறையுங்கள், அதிலும் சரியாகவில்லை என்றால் மூன்றாம் படிக்குப் போய் அசைவையே மாற்றுங்கள். என் அனுபவத்தில், மனசு வராததற்குக் காரணம் தேடினால் பெரும்பாலும் வேகத்தில்தான் போய் முடியும்.

காய்ச்சலோ பயணமோ வந்து இரண்டு வாரம் போய்விட்டால் முதல் வார அளவிலிருந்து தொடங்குங்கள். அதற்கு மாதத்தின் முதல் நாளையோ திங்கட்கிழமையையோ பிறந்த நாளையோ பயன்படுத்தலாம். அப்படிப்பட்ட நாட்களில் புதிதாகத் தொடங்கும் மனநிலை கூடுகிறது என்று டாய், மில்க்மன், ரீஸ் மூவரும் 2014-இல் காட்டியிருக்கிறார்கள். ஆனால் ஒரே ஒரு நாள் விட்டதற்குத் திங்கட்கிழமைக்காகக் காத்திருக்காதீர்கள்.

11. ஆறு வாரத்துக்குப் பிறகு

இப்போது அளவைக் கூட்டலாம். நாள், நேரம், வேகம் மூன்றில் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் தொடுங்கள். இரண்டைச் சேர்த்துக் கூட்டினால், உணர்வு எண் இறங்கும்போது எதனால் என்று தெரியாது.

போக வேண்டிய திசைக்கு உலக சுகாதார நிறுவனத்தின் 2020 பரிந்துரை இருக்கிறது. பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான பயிற்சி, கூடவே இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி. 20 நிமிட நடை ஐந்து நாளுக்கு வந்திருந்தால் 100 நிமிடத்தில் நிற்கிறீர்கள். வலுவூட்டும் பயிற்சியைப் புதிய பழக்கமாகத் தொடங்காமல், ஏற்கெனவே வேரூன்றிய நடையின் முடிவில் ஒட்டுங்கள். வீட்டு வாசலுக்கு வந்ததும் சுவரில் கை வைத்து எட்டு புஷ்-அப், நாற்காலியிலிருந்து எட்டு தடவை எழுந்து உட்காருவது போதும். புறப்படும் தயக்கம் அதற்குத் தனியாக வராது.

தனக்குத்தானே பரிசு, நண்பரோடு பந்தயம் என்று ஏதாவது வைத்திருந்தால் மெல்லக் குறையுங்கள். பரிசுக்காகவே செய்யப் பழகினால், பரிசு நின்றதும் முன்பிருந்த விருப்பமும் குறையக்கூடும் என்பதை டெசி 1971-லேயே புதிர் விளையாட்டு வைத்துக் காட்டியிருக்கிறார்.

கடைசியாக, நோட்டின் முதல் பக்கத்தைப் பார்க்காமல், "ஏன்" என்பதை மறுபடி ஒரு வரியில் எழுதுங்கள். எழுதியபின் இரண்டையும் ஒப்பிடுங்கள். "டாக்டர் சொன்னார்" என்று தொடங்கிய ஒருவர் ஆறாவது வாரத்தில் "அந்த நேரத்தில் யாரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள்" என்று எழுதியிருந்தார். அவருக்கு வேண்டியிருந்தது அந்தத் தனிமைதான் என்று தெரிந்ததும், குழுவோடு நடப்பதை விட்டுத் தனியாக நடக்கச் சொன்னேன். புதிய வரிக்கு ஏற்றபடி உங்கள் அசைவையும் நேரத்தையும் துணையையும் மாற்றிக்கொண்டு, அடுத்த ஆறு வாரத்தைத் தொடங்குங்கள்.